தோல்வி கற்பித்ததும் கற்பிக்காததும்

அச்சத்தைப் படைக்கலமாகக் கொள்ளும் இயக்கங்கள் தோல்வியிலிருந்து கற்கின்றன என்பர். எதைக் கற்கின்றன என்பதே வரலாற்று மாணவர் எழுப்பவேண்டிய வினா. மக்கள் விடுதலை முன்னணியின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1971 ஏப்ரல் 5 ஆம் நாளிரவு நாடெங்குமுள்ள பொலிஸ் நிலையங்களை ஒரேவேளையில் தாக்கி ஆட்சியைக் கைப்பற்ற இவ்வியக்கம் முயன்றது. வேட்டைத் துப்பாக்கிகளும் கையாற் செய்த குண்டுகளுமே பெரும்பாலும் அதன் ஆயுதங்கள். தலைவர் றோகண விஜேவீர மார்ச்சிலேயே கைதாகியிருந்தார். வெல்லவாய நிலையம் குறித்த நேரத்துக்கு முன்னரே அதிகாலையில் தாக்கப்பட்டமையால் அரசு விழித்துக்கொண்டது. ஓரிரவை நம்பிய திட்டம் சில வாரங்களிற் சிதைந்தது.

1977 இல் விடுதலையான விஜேவீர 1982 சனாதிபதித் தேர்தலில் நூற்றுக்கு 4.19 வாக்குகளே பெற்றார். 1983 இல் தடைசெய்யப்பட்ட இயக்கம் தலைமறைவாயிற்று. இம்முறை அது முதலில் ஆயுதத்தைத் தேடியது. 1987 ஏப்ரல் 15 ஆம் நாள் குண்டசாலையை அடுத்த பல்லேகலை இராணுவ முகாமைத் தாக்கி ஆயுதங்களைக் கவர்ந்தமை இதனையே காட்டும். ஓரிரவுப் புரட்சிக்குப் பதிலாக நீடித்த அச்சுறுத்தல் வந்தது. மறுபெயரில் இயங்கிய சிறு குழுக்கள், துண்டுப்பிரசுரத்தாற் கடைகளை மூடச்செய்தல், தனிமனிதக் கொலைகள் என முறைகள் மாறின.

ஆயினும் சிந்தனை மாறவில்லை. 1971 க்கு முன் நடந்த அரசியல் வகுப்புகளில் மலையகத் தோட்டத் தொழிலாளர் இந்திய விஸ்தரிப்புவாதத்தின் கருவியாகக் காட்டப்பட்டனர். பதினாறாண்டுகளின் பின் இலங்கை-இந்திய ஒப்பந்தத்தையும் அதிகாரப் பரவலாக்கலையும் எதிர்த்தபோது அதே அச்சமே மீண்டும் ஒலித்தது. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்ந்த உழைப்பாளர், உழைப்பாளர் பெயரால் எழுந்த இயக்கத்துக்கு அந்நியராகவே இருந்தனர்.

அரசும் கற்றது, அது கற்றது கொடுமையை. 1989 இல் படையினரின் குடும்பத்தினரைக் கொல்வதாக இயக்கம் அச்சுறுத்தியபின் பதிலடி எல்லை கடந்தது. அவ்வாண்டு அக்டோபரில் பேராதனை வளாகத்துக் குளத்தைச் சுற்றித் துண்டிக்கப்பட்ட தலைகள் வைக்கப்பட்டன. நவம்பரில் உலப்பனையிற் பிடிபட்ட விஜேவீர கொல்லப்பட்டார்.

1994 இல் தேர்தற்களத்துக்கு மீண்ட இவ்வியக்கத்தின் தலைவர் அநுர குமார திசாநாயக்க, 2024 இல் சனாதிபதியானார். இரு கிளர்ச்சிகளிற் கிட்டாத ஆட்சி வாக்குரிமையாற் கிட்டிற்று. தாக்கும் முறையைத் திருத்திக்கொள்ளுதல் எளிது. யாரைப் பகைவரென எண்ணினோம் என்பதை மீளாய்தல் அரிது. அவ்வரிய பாடத்தை அது கற்றதா என்பதை மலையக மக்களின் வாழ்வைக்கொண்டே அளத்தல் வேண்டும்.