வாய் அறுவைச் சிகிச்சைக்குப் பின் வாகனம் ஓட்டுதல்

ஞானப்பல் அகற்றம், தாடைக் கட்டி நீக்கம், பல் உள்வைப்பு முதலியவற்றுக்குப் பிறகு எப்போது வண்டி எடுக்கலாம் என்பது, அறுத்த இடத்தைவிடக் கொடுத்த மருந்தையே பொறுத்தது.

அத்தகைய மருந்துகளால் வலியின்றிச் செய்யும் பல் மருத்துவம் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் தொடங்கியது. 1844 டிசம்பர் 10 அன்று கார்ட்னர் கோல்ட்டன் அங்கு நடத்திய சிரிப்பூட்டும் வாயுக் காட்சியில், வாயுவை முகர்ந்த ஒருவர் காலில் அடிபட்டும் வலி தெரியாமல் இருந்ததைப் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் கவனித்தார். மறுநாளே அவ்வாயுவை முகர்ந்து, ஜான் ரிக்ஸிடம் தம் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். 1845இல் பாஸ்டனில் வெல்ஸ் இதைச் செய்துகாட்டியபோது நோயாளி முனகிவிட, கூடியிருந்தோர் எள்ளி நகையாடினர். 1846 அக்டோபர் 16 அன்று அதே நகரில் ஈதரைக் கொண்டு வென்ற வில்லியம் மோர்ட்டன் பெயரைத் தட்டிச் சென்றார். ஆயினும் முன்னோடி வெல்ஸே. ஓரிடத்தை மட்டும் மரக்கச் செய்யும் முறை பின்னர் வந்தது: 1884இல் கார்ல் கோல்லர் கோகெய்னால் கண்ணை மரக்கச் செய்தார். அவ்வாண்டே வில்லியம் ஹால்ஸ்டெட் கீழ்த்தாடை நரம்பில் அதைச் செலுத்தினார். 1943இல் சுவீடனின் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய லிடோகெய்ன் 1948இல் விற்பனைக்கு வந்தது. இன்று பல் மருத்துவமனைகளில் போடும் மரத்துப்போகிற ஊசி பெரும்பாலும் இதுவே.

அட்ரினலின் கலந்த லிடோகெய்னால் உதடும் நாக்கும் மூன்று முதல் ஐந்து மணிநேரம் மரத்திருக்கும், மூளை மந்தமாவதில்லை. எனவே படபடப்பும் தலைச்சுற்றலும் அடங்கி, கடித்த பஞ்சை எடுத்து இரத்தம் நின்றதைப் பார்த்தபின் ஓட்டலாம். அரிதாக மருந்து கண்குழி வரை பரவிப் பொருள்கள் இரட்டையாகத் தெரியும்; அது தெளியும்வரை ஓட்டக்கூடாது. சிரிப்பூட்டும் வாயு சில நிமிடங்களில் நுரையீரல் வழியே வெளியேறிவிடும் என்பதால், மருத்துவர் பார்த்து அனுப்பினால் அன்றே ஓட்டலாம். அமைதிப்படுத்தும் மருந்தான மிடசோலத்தை இரத்தக் குழாய் வழியே ஏற்றினாலோ முழு மயக்கம் கொடுத்தாலோ 24 மணிநேரம் வண்டியைத் தொடக்கூடாது. மிடசோலம் ஏற்றியவர் தெளிவாகப் பேசிவிட்டு, கேட்டதையெல்லாம் மறந்துபோவார். ஆகவே அறிவுரைகள் துணைக்கு வந்தவரிடம் எழுத்தில் தரப்படும். டிரமடால், கோடீன் மாத்திரைகள் தூக்கக் கலக்கம் தருபவை. அவற்றை விழுங்கும் நாள்களில் ஓட்டுதல் தவறு. பாராசிட்டமாலுக்கு இத்தடை இல்லை.

இருசக்கர வாகனத்துக்கு வேறு சிக்கலும் உண்டு. வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சம் தொடும். ஹெல்மெட் பட்டை தாடையை அழுத்தும். வலிக்கிறதென்று பட்டையை மாட்டாமல் போவது ஹெல்மெட் போடாததற்குச் சமம்.

இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988இல், போதையிலோ மருந்தின் தாக்கத்திலோ ஓட்டுவது பற்றிய 185ஆம் பிரிவும், உடல், மனத் தகுதியின்றி ஓட்டுவது பற்றிய 186ஆம் பிரிவும் பொருந்தும்.