காரில் ஸ்பீக்கரை எங்கே வைப்பது, எந்தப் பக்கம் திருப்புவது? 'வாட்ஸ்' மட்டும் போதாது, ஏன்?

திருவனந்தபுரம் உள்ளூர் சந்திப்பிலிருந்து மெடிக்கல் காலேஜ் செல்லும் சாலையில் ஆம்புலன்ஸ் சைரன் அன்றாடச் சத்தம். அரசு மருத்துவக் கல்லூரி, ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் கழகம், மண்டலப் புற்றுநோய் மையம் மூன்றும் அருகருகே இருப்பதால், களியக்காவிளை தாண்டி கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் நோயாளிகள் இங்கேதான் கொண்டுவரப்படுகிறார்கள்.

அந்த சைரன், கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, பாட்டு ஓடும் ஒரு காருக்குள் நுழைந்து ஓட்டுநரின் காதை எட்ட வேண்டும். எட்டுமா என்பது பாட்டின் சத்தத்தைப் பொறுத்தது. பாட்டை எவ்வளவு சத்தமாக வைக்கிறோம் என்பதோ, பெரும்பாலும் அது எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதைப் பொறுத்தது.

"பாட்டு சரியா கேக்கல, வரிகள் புரியல" என்று கடைக்குப் போனால், பெரும்பாலும் அதிக வாட்ஸ் உள்ள ஸ்பீக்கரையோ ஆம்ப்ளிஃபயரையோதான் காட்டுவார்கள். ஆனால் பல கார்களில் குறை வாட்ஸில் இல்லை. ஸ்பீக்கர் இருக்கும் இடத்திலும் அது பார்க்கும் திசையிலும் இருக்கிறது.

வாட்ஸை இரட்டிப்பாக்கினால் சத்தம் இரட்டிப்பாகாதா?

ஆகாது. 50 வாட்ஸை 100 வாட்ஸ் ஆக்கினால் ஒலி அளவு 3 டெசிபல்தான் கூடும். கவனித்துக் கேட்டால் தெரியும், அவ்வளவுதான். சத்தம் இரண்டு மடங்காக நம் காதுக்குத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் தேவை.

மாறாக, முழங்காலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு ட்வீட்டரைக் காதின் உயரத்துக்கு ஏற்றிச் சரியாகத் திருப்பினால், அதே வாட்ஸில், குறைந்த வால்யூமில் வரிகள் தெளிவாகக் கேட்கும்.

காருக்குள் ஒலி ஏன் குழம்புகிறது?

வீட்டில் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்காரலாம். காரில் ஓட்டுநர் எப்போதும் ஓரத்தில்தான். இந்தியாவில் ஸ்டீரிங் வலப்பக்கம் என்பதால், வலது ஸ்பீக்கர் பக்கத்தில் இருக்கும், இடது ஸ்பீக்கர் தள்ளி இருக்கும்.

ஒரு கணக்கு பார்க்கலாம். வலது ட்வீட்டர் உங்கள் தலையிலிருந்து 80 சென்டிமீட்டர் தூரத்திலும், இடது ட்வீட்டர் 130 சென்டிமீட்டர் தூரத்திலும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி ஒரு நொடியில் சுமார் 349 மீட்டர் போகும். அப்படியானால் இடது பக்க ஒலி சுமார் 1.4 மில்லி நொடி தாமதமாக வரும்.

இது காதுக்குப் போதுமான இடைவெளி. இரண்டு பக்கமும் ஒரே ஒலி வந்தால், முதலில் வந்து சேரும் பக்கத்திலிருந்துதான் சத்தம் வருகிறது என்று மூளை எடுத்துக்கொள்ளும். ஹெல்முட் ஹாஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 1949-இல் இந்தத் தாமதங்கள் குறித்த ஆய்வை வெளியிட்டதால், இதை 'ஹாஸ் விளைவு' என்பார்கள். பாடகரின் குரல் டேஷ்போர்டு நடுவிலிருந்து வராமல், வலது கதவிலிருந்து வருவதுபோல் தோன்றுவதற்குக் காரணம் இதுதான்.

போதாததற்குக் கண்ணாடிகள் ஒலியைத் திருப்பி அடிக்கின்றன, இருக்கைகள் உறிஞ்சிக்கொள்கின்றன.

ட்வீட்டரை எங்கே வைப்பது, எப்படித் திருப்புவது?

ஒலியின் அதிர்வெண் கூடக் கூட அலைநீளம் குறையும். 100 ஹெர்ட்ஸ் பேஸ் ஒலியின் அலைநீளம் சுமார் மூன்றரை மீட்டர். 10,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு மூன்றரை சென்டிமீட்டர்தான். நீண்ட அலை வளைந்து எங்கும் பரவும். குட்டை அலை டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும், ஒரு கால் குறுக்கே இருந்தாலும் தடைபடும். அதனால் திசை அதிகம் முக்கியமாவது ட்வீட்டருக்குத்தான்.

பொதுவாக மூன்று இடங்கள் உண்டு:

• பக்கக் கண்ணாடிக்கு உள்பக்கமுள்ள முக்கோண மூடி: பல கார்களில் வசதியான இடம். காதின் உயரத்துக்கு அருகில் இருக்கும், கழற்றி மாட்டுவதும் எளிது.

• ஏ-பில்லர் (முன் கண்ணாடியை ஒட்டிய தூண்): ஒலி நன்றாக இருக்கும். ஆனால் பக்கவாட்டுத் திரை ஏர்பேக் உள்ள கார்களில், அது இந்தத் தூணின் உறைக்குள்ளேதான் தொடங்கும். 'எஸ்ஆர்எஸ்' அல்லது 'ஏர்பேக்' என்ற எழுத்து உறையில் இருந்தால் அங்கே துளை போடவே கூடாது. விபத்து நேரத்தில் ஏர்பேக் விரிவதைத் தடுக்கலாம், ட்வீட்டரே முகத்தில் வந்து அடிக்கலாம்.

• டேஷ்போர்டின் மேல்: பொருத்துவது சுலபம். ஆனால் ஒலி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, நேரடி ஒலியோடு மோதி, சில ஸ்வரங்கள் மங்கும், சில கூர்மையாகும்.

திருப்புவதில் பலர் செய்வது, இரண்டு ட்வீட்டரையும் ஓட்டுநரின் முகத்துக்கு நேராக வைப்பது. அப்போது பக்கத்திலுள்ள வலது ட்வீட்டர் காதைக் குத்தும். அதற்குப் பதில் இரண்டையும் காரின் நடுப்பகுதியை, அதாவது இரண்டு முன் இருக்கைகளுக்கும் இடையே, காதின் உயரத்தில் உள்ள ஒரு புள்ளியைப் பார்க்குமாறு திருப்பித் தொடங்கலாம். பக்கத்து ட்வீட்டரின் கூர்மை தணியும், தூரத்து ட்வீட்டர் கிட்டத்தட்ட நேராகப் பார்க்கும். இடைவெளி ஓரளவு சமன் ஆகும்.

துளை போடும் முன் ஒரு சோதனை. வண்டி நிற்கும்போது, இருபக்க டேப்பில் ட்வீட்டரை ஒட்டி, இசைக்கருவிகள் குறைவாக உள்ள, தனிக்குரல் பாட்டு ஒன்றைக் கேளுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பாருங்கள். குரல் டேஷ்போர்டின் நடுவில் நிற்பதுபோல் எந்தக் கோணத்தில் தோன்றுகிறதோ, அதுதான் உங்கள் காருக்கான கோணம்.

கதவில் உள்ள ஸ்பீக்கர்: கேரள மழையில் கவனம்

கதவு ஸ்பீக்கரின் திசையை மாற்ற அதிக வழியில்லை. ஆனால் அது உட்காரும் இடத்தைச் சரி செய்யலாம். ஸ்பீக்கரின் முன்பக்க ஒலியும் பின்பக்க ஒலியும் எதிரெதிரானவை. கதவின் உள்தகட்டில் ஓட்டைகள் திறந்து கிடந்தால் இரண்டும் கலந்து பேஸ் காணாமல் போகும். ஸ்பீக்கரைச் சுற்றி ஒலி கசியாமல் இறுக்கமாகப் பொருத்தி, தகட்டில் டேம்பிங் ஷீட் ஒட்டினாலே, புது சப்வூஃபர் வாங்காமல் பாதி வேலை முடிந்துவிடும்.

இங்கே திருவனந்தபுரத்தின் தட்பவெப்பமும் கணக்கில் வரும். ஜூன் மாதம் தொடங்கும் இடவப்பாதி, அக்டோபரில் வரும் துலாவர்ஷம் என வருடத்துக்கு இரண்டு மழைக்காலம். கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் கதவுக்குள் வழிந்து, அடியிலுள்ள வடிகால் துளைகள் வழியாக வெளியேறும். அதுதான் வண்டியின் இயல்பான வடிவமைப்பு. ஆகவே:

• டேம்பிங் ஷீட் ஒட்டும்போது அந்த வடிகால் துளைகளை அடைக்கக் கூடாது. அடைத்தால் கதவு துருப்பிடிக்கும்.

• ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கும் வளையம், பூச்சு இல்லாத எம்டிஎஃப் பலகையாக இருந்தால் ஈரத்தில் ஊதிவிடும். பிளாஸ்டிக் வளையம் நல்லது.

• ப்ளஸ், மைனஸ் வயர்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இணைந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மாறிவிட்டால் பேஸ் மெலிந்து, குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது.

பின் ஸ்பீக்கரும் சப்வூஃபரும்

கச்சேரியில் பாடகர் நமக்கு முன்னால்தான் இருப்பார். காரிலும் ஒலி முன்னாலிருந்து வருவதே இயல்பு. பின் ஸ்பீக்கர் பின்னால் உட்காருபவர்களுக்கு. அதன் சத்தத்தை 'ஃபேடர்' மூலம் முன்பக்கத்தைவிடக் குறைவாக வைக்கலாம்.

பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள பார்சல் ட்ரேயில் ஸ்பீக்கர் பெட்டியைச் சும்மா எடுத்து வைப்பது ஆபத்து. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி நின்றால், கட்டாத பெட்டி அதே வேகத்தில் முன்னால் பறக்கும். சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழும் பொருளின் வேகம் அது. எந்தப் பெட்டியானாலும் பிராக்கெட் போட்டு இறுக்க வேண்டும்.

சப்வூஃபரைப் பொறுத்தவரை, சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காது எளிதில் பிரித்தறியாது. எனவே அதை டிக்கியிலோ சீட்டுக்கு அடியிலோ வைக்கலாம். 0, 180 என்று 'ஃபேஸ்' ஸ்விட்ச் இருந்தால், ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, எந்த நிலையில் பேஸ் நிறைவாகக் கேட்கிறதோ அதில் விடுங்கள். ஆம்ப்ளிஃபயருக்குத் தனி மின்வயர் இழுத்தால், பேட்டரியை ஒட்டியே ஃபியூஸ் இருக்க வேண்டும்.

பொருத்தியாச்சு. செட்டிங் எப்படி?

'டைம் அலைன்மென்ட்' வசதி உள்ள ஸ்டீரியோவில், ஒவ்வொரு ஸ்பீக்கரும் ஓட்டுநரின் தலையிலிருந்து எவ்வளவு தூரம் என்று டேப் வைத்து அளந்து பதிவிட்டால் போதும். பக்கத்து ஸ்பீக்கரை அதுவே தாமதப்படுத்தி, எல்லா ஒலியும் ஒன்றாக வந்து சேரும்படி செய்யும். அந்த வசதி இல்லையா? 'பேலன்ஸ்' அளவை ஒன்றிரண்டு புள்ளி இடப்பக்கம் தள்ளுங்கள். தாமதம் போகாது, ஆனாலும் குரல் கொஞ்சம் நடுவுக்கு வரும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2022 அக்டோபர் 5 இரவு, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரியில், மாணவர்களுடன் சென்ற சுற்றுலாப் பேருந்து கேரள அரசுப் பேருந்தின் பின்புறம் மோதியதில் 9 பேர் உயிரிழந்தனர். அந்த விபத்துக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது அதிவேகம், ஸ்பீக்கர் அல்ல. ஆனால் அதன்பின் சுற்றுலாப் பேருந்துகளில் லேசர் விளக்கு, அதிசக்தி ஒலியமைப்பு போன்ற சட்டவிரோத மாற்றங்கள் மீது கேரள உயர் நீதிமன்றமும் மோட்டார் வாகனத் துறையும் கடுமை காட்டின.

சொந்தக் காருக்கும் எல்லை உண்டு. கேரளாவிலிருந்து சென்ற வழக்கொன்றில், தயாரிப்பாளர் தந்த மூல விவரங்களுக்கு முரணாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது. கம்பெனி கொடுத்த இடத்திலேயே ஸ்பீக்கரை மாற்றுவது வேறு, சப்வூஃபருக்காகப் பின் இருக்கையையே கழற்றுவது வேறு. இருக்கை எண்ணிக்கை பதிவுச் சான்றிதழில் இருக்கிறது.

ஆம்புலன்ஸ் போன்ற அவசர ஊர்திக்கு வழிவிடாவிட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 194-இ பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

காதுக்கு எவ்வளவு தாங்கும்?

பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு அது 75 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். கழக்கூட்டத்தில் வேலை பார்த்துவிட்டு நெரிசலில் தினமும் ஒரு மணி நேரம் கார் ஓட்டுபவர், அந்த அளவில் பாட்டு வைத்தால் வெள்ளிக்கிழமைக்குள் எல்லையைத் தாண்டிவிடுவார்.

எல்லாம் பொருத்தி முடித்ததும் ஒரு சின்னப் பரிசோதனை செய்யலாம். வண்டியை நிறுத்தி, கண்ணாடி ஏற்றி, வழக்கமாகக் கேட்கும் அளவில் பாட்டு வையுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சாதாரணக் குரலில் பேசுங்கள். பாட்டின் வரிகளும் புரிந்து, அவர் சொல்வதும் காதில் விழுந்தால், ஸ்பீக்கர் சரியான இடத்தில் இருக்கிறது. பேச்சு கேட்காமல் நீங்கள் குரலை உயர்த்த வேண்டியிருந்தால், வால்யூமைக் குறையுங்கள். குறைத்ததும் வரிகள் புரியவில்லையா? புது ஆம்ப்ளிஃபயர் வாங்கும் முன் ட்வீட்டரை இன்னொரு முறை திருப்பிப் பாருங்கள்.