தலைவர் நாற்காலியும் துணைத் தலைவர் கையொப்பமும்: கிராம ஊராட்சியை அறிவோம்

1997 ஜூன் 30 அன்று மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் படுகொலை செய்யப்பட்டார். தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்குப் போட்டியிட்டு வென்றதே அவர்மீது சாதி ஆதிக்கம் சுமத்திய ‘குற்றம்’. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் முறையான தேர்தல் நடைபெற 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்வளவு வன்மத்தைத் தூண்டும் அப்பதவியில் என்னதான் இருக்கிறது?

அமைப்பு

1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசமைப்புத் திருத்தத்தை ஒட்டி, தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் இயற்றப்பட்டது. கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என்பன அதன் மூன்று அடுக்குகள். கிராம ஊராட்சித் தலைவரையும் வார்டு உறுப்பினர்களையும் மக்கள் நேரடியாக, கட்சிச் சின்னமின்றித் தேர்ந்தெடுக்கின்றனர். பதவிக்காலம் 5 ஆண்டுகள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தமக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கின்றனர். ஒன்றிய, மாவட்டத் தலைவர்களும் இவ்வாறே மறைமுகத் தேர்தலில் வருபவர்கள். வாக்காளர் அனைவரும் கிராம சபையின் உறுப்பினர்கள்.

இட ஒதுக்கீடும் அதன் இடைவெளியும்

அரசமைப்பின் 243டி பிரிவு பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் மக்கள்தொகை விகிதப்படி உறுப்பினர், தலைவர் பதவிகளை ஒதுக்குகிறது. பெண்களுக்கான பங்கைத் தமிழ்நாடு 2016இல் 50 விழுக்காடாக உயர்த்தியது. ஆனால் துணைத் தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு இல்லை. ஊராட்சிக் காசோலையிலோ தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்தே கையொப்பமிட வேண்டும்.

சிக்கலின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஆதிக்கச் சாதித் துணைத் தலைவர் கையொப்பமிட மறுத்தால் தெருவிளக்கும் எரியாது, தூய்மைப் பணியாளருக்கு ஊதியமும் போகாது. பழி மட்டும் தலித் தலைவரின் தலையில் விழும். பிரிவு 205இன்கீழ் அவரைப் பதவிநீக்கும் அதிகாரமோ ஊராட்சிகளின் ஆய்வாளரான மாவட்ட ஆட்சியரிடம் உள்ளது. நாற்காலியை மறுப்பது கண்ணுக்குத் தெரியும் தீண்டாமை. கையொப்பத்தை மறுப்பது கோப்புக்குள் ஒளிந்திருக்கும் தீண்டாமை.

சட்டம் தரும் கருவி

2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவரையோ உறுப்பினரையோ, அப்பிரிவுகளைச் சாராத ஒருவர் பணி செய்யவிடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(எம்) பிரிவின்கீழ்க் குற்றம். தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை.

ஆகவே மறுக்கப்படும் ஒவ்வொரு கையொப்பமும் எழுத்தில் பதிவாக வேண்டும். எந்தப் பணிக்கான தொகை, எந்த நாளில், யாரால் மறுக்கப்பட்டது என்பதைக் குறித்து, வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் ஆட்சியருக்கும் மனு அளித்து ஒப்புகை பெறுவது முதற்படி. அந்த ஆவணங்களோடு காவல் நிலையத்தில் புகார் அளிப்பது அடுத்த படி. வாய்மொழி முறையீடு நீதிமன்றத்தில் நிற்பது அரிது.

துணைத் தலைவர் பதவிக்கும் ஒதுக்கீடு வேண்டும், அல்லது இரட்டைக் கையொப்ப முறை மாற வேண்டும் என்பதே நம் கோரிக்கை. நாற்காலியை மட்டும் தந்து பேனாவைப் பிறர் கையில் விட்டுவைப்பது அதிகாரப் பகிர்வு ஆகாது.