லிமிட்டேஷன் போன நோட்டு

எங்க ஊர்ல கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த கிழவர்களுக்கும் சில இங்கிலீஷ் வார்த்தைகள் சுத்தமாத் தெரியும். கோர்ட்டு, வாரண்டு, ஸ்டாம்பு, புரோநோட்டு. அந்த வரிசையில் ஒண்ணுதான் லிமிட்டேஷன். "நோட்டு லிமிட்டேஷன் போயிடப் போவுது, வந்து வரவு வெச்சுக்குடு" என்று கடன் கொடுத்தவர் வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவதைச் சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கேன். இந்த வார்த்தை எங்க களத்துமேட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைத்தான் இன்னிக்கு எழுதப் போறேன். இப்ப திரும்பவும் அதுக்கு வேலை வந்திருக்கு.

பட்டணத்துல இருக்கிறவங்களுக்குக் கொஞ்சம் விளக்கிடறேன். கிராமத்துல கைமாத்துக்கு மேல் பெரிய தொகை வாங்கினால் புரோநோட்டு எழுதணும். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, அதன் மேல் கையெழுத்து. வட்டியை மாசக் கணக்கில் பேசுவோம். "ரெண்டு வட்டி" என்றால் நூத்துக்கு மாசம் ரெண்டு ரூபாய், வருஷத்துக்கு 24. கேட்கும்போது தருகிறேன் என்று எழுதின நோட்டுக்கு, எழுதின தேதியிலிருந்து மூணு வருஷம்தான் ஆயுசு. அதுக்குள்ள கேஸ் போடணும். இல்லைன்னா கடன் வாங்கினவர் ஏதோ ஒரு தொகையைக் கட்டி, நோட்டின் பின்பக்கம் "இன்ன தேதியில் இவ்வளவு வரவு" என்று எழுதிக் கையெழுத்துப் போடணும். போட்டால் அன்னியிலிருந்து மறுபடி மூணு வருஷம். பத்து ரூபாய் வரவுக்கும் இதே பலன்தான். பின்பக்கம் இடம் தீர்ந்தால், வட்டியையும் அசலையும் கூட்டிப் புது நோட்டு.

இந்த மூணு வருஷம் நம்ம ஊர் வழக்கம் இல்லை. பழைய தர்ம சாஸ்திரங்கள் வேற வழியில் யோசிச்சிருக்கு. அதுல காலக்கெடு பெரிசில்லை, தொகைக்குத்தான் வரம்பு. ஒரே தடவையில் வசூலிக்கிற வட்டி அசலைத் தாண்டக் கூடாது, அதாவது நூறு கொடுத்தவன் மொத்தமா இருநூறுக்கு மேல் கேட்கக் கூடாது. மராட்டிய தேசத்துல இதை தாம்துபட் என்பார்கள். கும்பினிக்காரன் கோர்ட்டு வைத்தபோது காலக்கெடுவும் வந்தது. மதராஸ் மாகாணத்துல 1802-ம் வருஷத்து ரெகுலேஷன்படி அது 12 வருஷமா இருந்தது. இங்கிலாந்துல 1623-லேயே சாதாரணக் கடனுக்கு ஆறு வருஷம் என்று சட்டம் போட்டிருந்தாங்க. பழைய கணக்குக்குச் சாட்சி செத்துப் போகும், ரசீது செல்லரிச்சுப் போகும், அதனால எல்லா வழக்குக்கும் ஒரு முடிவு வேணும் என்பது அதன் நியாயம். நியாயம் சரிதான்.

1859-ல் நாடு முழுக்க ஒரே லிமிட்டேஷன் சட்டம் வந்தது. பதிவு செய்யாத கடன் பத்திரத்துக்கு மூணு வருஷம் என்று அதுலதான் வந்தது. வட்டி மேல வட்டி ஏறி குடியானவன் மூழ்கக் கூடாது, லேவாதேவிக்காரன் சீக்கிரமே கணக்கை முடிக்கட்டும் என்பதுதான் எண்ணம். நடந்தது தலைகீழ்.

நான் பத்தாவது படிச்சவன், வட்டிக் கணக்கு நல்லா போடுவேன். பாருங்க. நூறு ரூபாய், ரெண்டு வட்டி. மூணு வருஷத்துல வட்டி 72. முன்னே 12 வருஷம் டைம் இருந்தபோது கடன் கொடுத்தவருக்கு அவசரம் இல்லை. இப்ப மூணாவது வருஷக் கடைசியில் வந்து நிக்கிறார். காசு இல்லையா, சரி, 172 ரூபாய்க்குப் புதுப் பத்திரம் எழுது. 172-ம் இப்போ அசல். அடுத்த மூணு வருஷத்துல அது 295 ரூபாய் 84 பைசா. ஒன்பதாவது வருஷம் 508 ரூபாய் சொச்சம். பன்னிரண்டாவது வருஷம் 875. பத்திரம் மாத்தாமலே 12 வருஷம் ஓடியிருந்தா தனி வட்டியில் 388-தான் வந்திருக்கும். பழைய சாஸ்திரக் கணக்குல இருநூறோட நின்னிருக்கும். அதுவும், வட்டியை அசலோட சேர்த்துப் புதுசா எழுதிட்டா இருமடங்கு விதிக்கும் வேலை இல்லை. வட்டியே அசல் ஆயிடுச்சே. கடன் வாங்கினவனைக் காப்பாத்த வந்த கெடுதான் மூணு வருஷத்துக்கு ஒருமுறை வட்டியைக் குட்டி போட வைத்தது.

இது வெறும் கணக்கு இல்லை. நடந்த இடம் புனா ஜில்லா. 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டு யுத்தம் தொடங்கி அங்கிருந்து பஞ்சு வரத்து நின்றது. பம்பாய் பக்கத்துப் பருத்திக்கு ஏக கிராக்கி. சாவுகார்கள் கேட்டவனுக்கெல்லாம் கடன் கொடுத்தார்கள். 1865-ல் யுத்தம் முடிந்ததும் விலை இறங்கியது. அந்த நேரத்துலதான் நிலவரித் திட்டத்தைத் திருத்தி, பல இடங்களில் வரியை 50-லிருந்து 100 சதவீதம் வரை ஏத்தினாங்க. கடன் கொடுத்தவர்கள் கையை மூடிக்கொண்டார்கள். புதுக் கடன் கிடையாது, ஆனால் பழைய பத்திரத்தைப் புதுப்பிக்கிறது மட்டும் நிக்கலை. எழுதியிருப்பது என்ன என்று தெரியாமலே ரேகை வெச்சுக் கொடுத்த ரயத்துகள் எத்தனையோ பேர்.

1875 மே 12. சூபா என்ற சந்தை ஊரில் சுத்துப்பட்டு கிராமத்து ஜனங்கள் கூடினார்கள். கடைக்காரர்களிடம் கணக்குப் புத்தகத்தையும் கடன் பத்திரங்களையும் கேட்டார்கள். பிடுங்கி நெருப்பில் போட்டார்கள். தானியக் கடைகள் கொள்ளை போனது, சில இடத்துல சாவுகார் வீடும் எரிந்தது. அது அகமத்நகர் ஜில்லாவுக்கும் பரவி முப்பதுக்கு மேற்பட்ட கிராமங்களில் நடந்தது. 951 பேரைப் பிடிச்சாங்க. இதுல எனக்குப் பெரிசாத் தெரிவது அவங்க குறி வெச்சது முதலில் காகிதத்துக்கு என்பதுதான். வயலில் நிக்கிறவனுக்குத் தன்னைக் கட்டிப் போட்டிருக்கிற கயிறு எது என்று சரியாத் தெரிந்திருக்கு.

சர்க்கார் ஒரு கமிஷன் போட்டது. அதன் அறிக்கை 1878-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டுக்குப் போனது. நூறு ரூபாய்க் கடனுக்கு ரெண்டாயிரத்துக்கு மேல் வட்டி போட்ட கேஸ் ஒன்று அதுல இருக்கு. 1879-ல் தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டம் வந்தது. அதுல ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு, காலக்கெடுவைத் திரும்ப நீட்டினார்கள். கிராமப் பதிவாளர் முன்னால் எழுதின பத்திரத்துக்கு 12 வருஷம், மத்ததுக்கு ஆறு. கெடுவை நீட்டுறது கடன் வாங்கினவனுக்கு நல்லதா என்று நீங்க கேட்கலாம். மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்க, பதில் அங்கே இருக்கு. ரெண்டாவது, கடைசியா எழுதின பத்திரத்தை மட்டும் பார்த்து நீதிபதி தீர்ப்புச் சொல்லக் கூடாது, கொடுக்கல் வாங்கல் தொடங்கின நாளிலிருந்து கணக்கை விசாரிக்கணும்.

அந்தச் சட்டம் புனா, சத்தாரா, சோலாப்பூர், அகமத்நகர் பக்கத்துக்குத்தான். நம்ம மதராஸ் மாகாணத்துல மூணு வருஷக் கெடு அப்படியே ஓடியது. சட்டம் 1871, 1877, 1908 என்று மாத்தி மாத்தி எழுதப்பட்டாலும் நோட்டுக்கு மூணு மூணுதான். எங்க ஊருக்கு விடிவு மாதிரி ஒண்ணு வந்தது 1938-ல். 1930-களில் உலகம் பூரா விலை சரிந்து, நெல்லையும் மல்லாட்டையையும் வித்து வட்டி கட்ட முடியாமல் போன காலம். ராஜாஜி மந்திரிசபை மதராஸ் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டு வந்தது. 1932 அக்டோபர் 1-க்கு முன்னால் வாங்கின கடன் என்றால், 1937 அக்டோபர் 1 அன்னிக்கு நின்ற வட்டி பாக்கி பூராவும் தள்ளுபடி. அசலுக்கு இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. எத்தனை தடவை நோட்டு மாத்தி எழுதியிருந்தாலும் முதன்முதலில் கையில் வாங்கின தொகைதான் அசல் என்றும் எழுதி வெச்சாங்க. பழைய இருமடங்குக் கணக்கும் தக்காணத்துப் பாடமும் ஒரே சட்டத்துக்குள்ள வந்திடுச்சு. ஊர்ப் பெரியவங்க "ராஜாஜி கடன் சட்டம்" என்று சொல்லிக் கேட்டிருக்கேன். அதுக்கப்புறமும் கடன் நிவாரணச் சட்டங்கள் வந்தது, 1980-ல் வந்தது அதுல ஒண்ணு. அந்தக் கதையை இன்னொரு நாள் எழுதறேன்.

இப்ப நடக்கிறது 1963-ம் வருஷத்துச் சட்டம். இதுலயும் நோட்டுக்கு மூணு வருஷம். நிலத்தை அடமானம் வெச்ச கடன் 12 வருஷம். கூட்டுறவு சங்கக் கடன், சர்க்கார் பாக்கிக்கெல்லாம் தனிச் சட்டம் இருக்கு, இதோட போட்டுக் குழப்பிக்காதீங்க.

இவ்வளவும் எதுக்கு எழுதறேன்னா, போன பங்குனியில் எங்க தெருவுக்கு ஒரு பையன் பைக்கில் வந்தான். எங்க பெரியம்மா வீட்டுக்கு. பெரியப்பா இருந்தபோது, பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, போர் மோட்டாருக்கு ஒரு பைனான்ஸில் கடன் வாங்கி முக்கால்வாசி கட்டியிருந்தார். மழை பொய்ச்ச வருஷம் நின்னு போச்சு. அவரும் போயிட்டார். அந்தக் கணக்கை வேற ஒரு கம்பெனி வாங்கியிருக்காம். பையன் மரியாதையாத்தான் பேசினான். "பாட்டி, முழுசும் வேணாம். ஒரு ஐந்நூறு கட்டி, இதுல கையெழுத்துப் போடுங்க. மீதியைப் பேசிக்கலாம்."

பெரியம்மா சுருக்குப் பையை எடுத்துட்டாங்க. "உங்க பெரியப்பா பேர்ல பாக்கி நிக்கக் கூடாதுடா." நான் காகிதத்தை வாங்கிப் படிச்சேன். மீதித் தொகை முழுசையும் தருவதாக உறுதி கூறுகிறேன் என்று இருந்தது. தேதி போடுற இடம் காலி.

இங்கதான் சட்டத்தின் நுணுக்கம். கெடு முடிஞ்ச கடனுக்குக் கோர்ட்டுக் கதவுதான் சாத்தும், கடன் செத்துப் போறதில்லை. சுப்ரீம் கோர்ட்டே அப்படித்தான் சொல்லியிருக்கு. கெடு முடிஞ்ச அப்புறம் ஐந்நூறு ரூபாய் கட்டினதால் மட்டும் பழைய கெடு உயிர் பெறாது. ஆனால் 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 25-வது பிரிவு என்று ஒண்ணு இருக்கு. கெடு போன கடனைத் தருகிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அது புது ஒப்பந்தம், அன்னியிலிருந்து புதுக் கணக்கு. தேதி இல்லாமல் போட்டுக் கொடுத்தால் இன்னும் மோசம், பழைய தேதியை எழுதி கெடுவுக்குள்ளேயே வரவு வெச்ச மாதிரி காட்டிடலாம். அந்தக் காகிதத்துல பெரியம்மா கையெழுத்துப் போட்டிருந்தால், பெரியப்பா கடன் பெரியம்மா கடன் ஆகியிருக்கும். இறந்தவர் விட்டுப் போன சொத்து அளவுக்குத்தான் வாரிசுக்குப் பொறுப்பு என்ற பாதுகாப்பும் அதோட போயிருக்கும்.

எனக்கு இதுல ரெண்டு மனசு உண்டு. பக்கத்துக் காட்டுக்காரர் ஆபத்துக்குக் கொடுத்த பணத்தை "மூணு வருஷம் ஆச்சு, போ" என்று சொல்றவனை எங்க ஊர்ல மனுஷனா மதிக்க மாட்டாங்க, நானும் மதிக்க மாட்டேன். பெரியம்மாவும் அந்த நியாயத்துல வளர்ந்தவங்கதான். ஆனா அந்த நியாயத்தைத்தான் இந்தக் காகிதம் பிடிச்சுக்கிட்டுத் தொங்குது. அசலில் நின்னது பதினெட்டாயிரம் இருக்கும். பையன் கையில் இருந்த தொகை ஒரு லட்சத்து நாற்பதாயிரம். எப்படி வந்தது என்று கேட்டதுக்கு அவனுக்குச் சொல்லத் தெரியலை, பாவம். அவனுக்கு மாசக் கடைசி டார்கெட்.

பெரியம்மா கையெழுத்துப் போடலை. முதல் நாளிலிருந்து கணக்கை எழுத்தில் அனுப்பச் சொல்லி ரிஜிஸ்டர் தபால் போட்டோம். பழைய அசல் எவ்வளவோ அதைக் கட்டுறேன்னு பெரியம்மா வாயால் சொல்லிட்டு இருக்காங்க, காகிதத்துல எழுத நான் விடலை. பதில் இன்னும் வரலை. இடையில் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு போன். வங்கியும் பைனான்ஸும் வசூலுக்குக் காலை எட்டுக்கு முன்னாலயும் சாயங்காலம் ஏழுக்குப் பின்னாலயும் போன் பண்ணக் கூடாதுன்னு 2022-ல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறதைச் சொன்னேன், வெச்சுட்டாங்க.

உங்க ஊர்ப் பக்கம் அப்பா அம்மா தனியா இருந்தா அவங்ககிட்ட ரெண்டு விஷயம் சொல்லி வையுங்க. ஒரே இடத்துல பழைய கடனும் புதுக் கடனும் இருந்து பணம் கட்டினா, எந்தக் கடனுக்கு என்று ரசீதில் எழுதி வாங்கணும். சொல்லாமல் கொடுத்தால் கெடு போன கடனிலேயே வரவு வெச்சுக்க அவங்களுக்குச் சட்டம் இடம் கொடுக்குது. கோர்ட்டுல இருந்து சம்மன் வந்தால், பழைய கடன்தானே என்று மூலையில் போடாமல் போய் நிக்கணும். கெடு போன வழக்கை நீதிபதி தானாகவே தள்ளணும் என்றுதான் சட்டத்துல இருக்கு. ஆனா நோட்டின் பின்பக்கம் ஒரு வரவு இருந்து, அந்தக் கையெழுத்து என்னுது இல்லை என்று சொல்ல ஆள் இல்லைன்னா, அவருக்கு எப்படித் தெரியும்?