கை வைத்தவர் மட்டுமா குற்றவாளி? சதி, உடந்தை, எத்தனம் பற்றிச் சட்டம் சொல்வது என்ன?

"என்ட மகன் கை வைக்கல்ல, பக்கத்தில நின்டது மட்டும்தான். அவன ஏன் சேர் புடிச்சாங்க?" கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சட்டத்தரணி என்ற வகையில் எனது பதிலில் இரண்டு பகுதிகள் உண்டு. கை வைக்காதவரும் குற்றவாளியாகலாம் என்பது முதற்பகுதி. பக்கத்தில் நின்றார் என்பதற்காக மட்டும் எவரும் குற்றவாளியாக மாட்டார் என்பது இரண்டாம் பகுதி. முதலாவதை அறியாத இளைஞர்கள் பொறுப்பின்றி நடந்துகொள்கிறார்கள். இரண்டாவதை அறியாத குடும்பங்கள் தேவைக்கு அதிகமாக நடுங்குகின்றன.

எமது நாட்டின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். குற்றச்செயலை நேரடியாகச் செய்யாத ஒருவரையும் அது பல வழிகளில் பொறுப்பாக்குகிறது.

முதல் வழி உடந்தை. 100ஆம் பிரிவின்படி ஒருவரைத் தூண்டிவிடுவது, அவருடன் சேர்ந்து சதி செய்வது, தெரிந்துகொண்டே உதவுவது ஆகிய மூன்றும் உடந்தையாகும். களவுக்குப் போகிறான் எனத் தெரிந்தே மோட்டார் சைக்கிளைக் கொடுத்தவர் உடந்தைக்காரர். மருந்து வாங்கப் போவதாகச் சொன்னதை நம்பிக் கொடுத்தவர் அப்படியல்லர். கொடுத்த பொருள் ஒன்றுதான், வித்தியாசம் கொடுத்தவரின் அறிவிலும் எண்ணத்திலும் இருக்கிறது. உடந்தையின் விளைவாகக் குற்றம் நடந்துவிட்டால், வேறு ஏற்பாடு இல்லாதவிடத்து, குற்றத்துக்குரிய அதே தண்டனைதான் உடந்தைக்கும்.

இரண்டாவது சதி. 113அ பிரிவின்படி இருவரோ அதற்கு மேற்பட்டோரோ ஒரு குற்றத்தைச் செய்ய உடன்பட்டால், அல்லது அதற்கான பொது நோக்கத்துடன் சேர்ந்து செயற்பட்டால் அது சதி. முன்கூட்டியே கூடிப் பேசியிருக்க வேண்டும் என்பதும் அவசியமில்லை.

இதற்கு எமது வரலாற்றிலேயே பெரிய உதாரணம் உண்டு. பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க 1959 செப்டெம்பர் 25இல் கொழும்பு ரொஸ்மீட் பிளேஸ் இல்லத்தில் சுடப்பட்டு மறுநாள் காலமானார். சுட்டவர் தல்துவே சோமாராம. ஆயினும் 1961இல் நீதியரசர் டி.எஸ். பெர்னாண்டோ முன்னிலையில், ஜூரிகளுடன் நடந்த விசாரணையில் ஐந்து பேர் குற்றஞ்சாட்டப்பட்டிருந்தனர். இருவர் விடுதலையாயினர். சோமாராமவுடன் மாபிடிகம புத்தரக்கித்த தேரர், எச்.பி. ஜயவர்தன ஆகியோருக்கும் மரணதண்டனை விதிக்கப்பட்டது.

மேன்முறையீட்டில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. மரணதண்டனையைப் பண்டாரநாயக்க அரசாங்கமே 1958இல் இடைநிறுத்தியிருந்தது. அவர் கொல்லப்பட்ட பின்னர் அவசரமாக நிறைவேற்றப்பட்ட சட்டம் அதனை மீளக் கொண்டுவந்தது. ஆனால் அச்சட்டத்தின் வார்த்தைகள் கொலையை மட்டுமே உள்ளடக்கியிருந்தன, கொலைச் சதியை உள்ளடக்கவில்லை. எனவே சதிக்குத் தண்டிக்கப்பட்ட இருவரின் தண்டனை ஆயுட்கால சிறைத்தண்டனையாக மாற்றப்பட்டது. சோமாராம மட்டும் 1962 ஜூலையில் வெலிக்கடையில் தூக்கிலிடப்பட்டார். நாட்டின் பிரதமரையே கொன்ற வழக்கிலும் நீதிமன்றம் ஒவ்வொருவரது பங்கையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தது. அதுவே அந்த வழக்கு எமக்குச் சொல்லும் பாடம்.

சதிக்குக் குற்றம் நடந்து முடிந்திருக்கத் தேவையில்லை. 1962 ஜனவரி 27இல் திட்டமிடப்பட்ட அரச கவிழ்ப்பில் ஒரு வேட்டும் வெடிக்கவில்லை. ஆனாலும் 24 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டு 11 பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். 1965 டிசம்பரில் லண்டன் பிரிவி கவுன்சில் அவர்களை விடுவித்தது. அதற்கான காரணம் வேறு: அவர்களுக்கென்றே பின்னோக்கிய சட்டம் இயற்றியதன் மூலம் பாராளுமன்றம் நீதித்துறையின் அதிகாரத்தில் தலையிட்டுவிட்டது என்பதாகும்.

மூன்றாவது எத்தனம். 490ஆம் பிரிவின்படி குற்றத்தை நோக்கி ஒரு செயலைச் செய்துவிட்டாலே போதும். வெறும் சட்டைப்பையில் கைவிட்டவரும் திருட எத்தனித்தவரே. தனி ஏற்பாடு இல்லாத இடங்களில், அக்குற்றத்துக்குரிய உச்ச சிறைத்தண்டனையின் பாதிவரை விதிக்கலாம். கொலை எத்தனத்துக்கு 300ஆம் பிரிவு தனியாக இருக்கிறது. அதில் காயம் ஏற்பட்டால் 20 வருடம் வரை சிறை.

நான்காவது 32ஆம் பிரிவிலுள்ள பொது எண்ணம். பலர் ஒரே எண்ணத்தில் இணைந்து செய்த செயலுக்கு ஒவ்வொருவரும் தாமே செய்ததுபோல் பொறுப்பாவர். பக்கத்தில் நின்றவரின் கதை பெரும்பாலும் இங்கேதான் வருகிறது. 1948இல் அஸ்ஸப்பு வழக்கில் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதற்கு எல்லை வகுத்தது. ஒவ்வொரு எதிரியின் விடயமும் தனித்தனியாகப் பரிசீலிக்கப்பட வேண்டும். எண்ணம் பகிரப்பட்டது என்பதற்குச் சான்று வேண்டும். சம்பவ இடத்தில் இருந்தமை மட்டும் அதற்குப் போதாது. புதுக்கடை நீதிமன்றங்களில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு இது.

ஐந்தாவது சட்டவிரோதக் கூட்டம். ஐந்து பேரோ அதற்கு மேலோ சட்டவிரோதமான பொது நோக்கத்துடன் கூடினால், அந்நோக்கத்தை நிறைவேற்றுவதற்காக ஒருவர் செய்த குற்றத்துக்கு 146ஆம் பிரிவின் கீழ் அனைவரும் பொறுப்பாவர். 2018இல் திகனையிலும் 2019இல் மினுவாங்கொடையிலும் எமது கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டதை நினைத்துப் பாருங்கள். எந்தக் கை தீ வைத்தது என நிரூபிக்க முடியாவிட்டாலும், அந்த நோக்கத்துடன் கூட்டத்தில் நின்றவரைத் தண்டிக்க இப்பிரிவு போதுமானது. தூண்டிவிட்டவர் வீட்டிலிருந்தே முகநூலில் எழுதியிருந்தாலும் உடந்தைக்காரரே. எமது பிள்ளைகளைப் பயமுறுத்தும் இந்தச் சட்டம் எமக்குப் பாதுகாப்புமாகும். அதனைக் கேட்டுப் பெறுவது எமது உரிமை.

2019 ஏப்ரல் 21இல் கொட்டாஞ்சேனை கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயத்திலும் ஏனைய இடங்களிலும் நடந்த படுகொலைகளின் பின்னர், உறவு, அறிமுகம், தொலைபேசி இலக்கம் என்பனவே பலருக்குச் சந்தேகமாக மாறின. சந்தேகம் விசாரணைக்குக் காரணமாகலாம். தீர்ப்புக்கு அது போதாது. அதேவேளை, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின் கீழ், அச்சட்டத்துக்குரிய குற்றமொன்று பற்றித் தெரிந்திருந்தும் பொலிஸுக்கு அறிவிக்காதிருப்பதே ஏழு வருடம் வரை சிறைக்குரிய குற்றம் என்பதையும் மறக்கக் கூடாது. இங்கு மௌனம் பாதுகாப்பல்ல.

இளைஞர்களுக்கு நடைமுறையில் மூன்று விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன். பெட்டியும் பில்லும் இல்லாமல் அரை விலைக்கு வரும் கைத்தொலைபேசியை வாங்காதீர்கள். திருட்டுப் பொருள் என நம்புவதற்குக் காரணம் இருந்தும் நேர்மையற்று அதனைப் பெறுவது 394ஆம் பிரிவின் கீழ் குற்றம். வட்ஸ்அப் குழுமத்தில் இருப்பது மட்டும் சதியாகாது. ஆனால் சதி இருந்தது என நம்ப நியாயமான காரணம் இருந்தால், ஒருவர் அந்நோக்கத்துக்காக எழுதியதைச் சான்றுகள் கட்டளைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு மற்றவருக்கு எதிராகவும் அனுமதிக்கிறது. ஆகவே குற்றத்தைப் பற்றிய பேச்சு தொடங்கினால் வெளியேறுங்கள், உங்கள் மறுப்பை எழுதிவிட்டு வெளியேறுங்கள். கைது செய்யப்பட்டால் காரணத்தைக் கேளுங்கள், வாசித்து விளங்காத எதிலும் கையொப்பமிடாதீர்கள், உடனே சட்டத்தரணியை நாடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "அவன் ஒன்றும் செய்யவில்லை" என்பது ஒரு தாயின் நியாயமான தவிப்பு. நீதிமன்றம் கேட்பதோ வேறு கேள்வி: அவனுக்கு என்ன தெரிந்திருந்தது, அவன் எதற்கு உடன்பட்டான், எந்த விதத்தில் உதவினான்? இந்த மூன்றையும் சட்டத்தரணியிடம் முதல் நாளே மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நிரபராதியான பிள்ளையைக் காப்பாற்றுவதும் பெரும்பாலும் அந்தப் பதில்கள்தான்.