மைக்ரோ ஆர்.என்.ஏ: ஒரு புழு கற்றுத்தந்த பாடம்

சி. எலிகன்ஸ் என்பது ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள புழு. அமெரிக்க விஞ்ஞானிகள் விக்டர் ஆம்புரோஸும் கேரி ரவ்குனும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். இந்தப் புழுவில் லின்-4 என்ற மரபணு பழுதானால் வளர்ச்சியே தாறுமாறாகிவிடும். அந்த மரபணு எந்தப் புரதத்தைத் தயாரிக்கிறது என்று ஆம்புரோஸ் குழு தேடியது. புரதம் எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்தது வெறும் 22 எழுத்துகள் கொண்ட ஆர்.என்.ஏ துண்டு!

இந்தத் துண்டுக்கு என்ன வேலை? மரபணுவின் கட்டளையைச் சுமந்து செல்வது தூது ஆர்.என்.ஏ. லின்-14 என்ற மற்றொரு மரபணுவின் தூது ஆர்.என்.ஏவில் இந்தத் துண்டு ஒட்டிக்கொண்டு, புரதம் உருவாகாமல் தடுக்கிறது. 1993ல் இரு குழுக்களும் இதை வெளியிட்டன. ஆனால் இது புழுவுக்கு மட்டுமே உரிய விநோதம் என்று பலரும் நினைத்தார்கள். 2000ல் ரவ்குன் குழு கண்டுபிடித்த லெட்-7 மனிதனிடமும் இருப்பது தெரிந்ததும் எல்லாம் மாறியது. 2001ல் மைக்ரோ ஆர்.என்.ஏ என்ற பெயரும் வந்தது.

அடுத்து புற்றுநோய். நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோயாளிகள் பலருக்கு 13வது குரோமோசோமில் ஒரு பகுதி காணாமல் போயிருக்கும். அங்கே இருந்த காவல்காரப் புரதம் எது என்று பல வருடங்களாகத் தேடியும் பயனில்லை. 2002ல் கார்லோ குரோச்சே குழு விடை சொன்னது. அங்கே தொலைந்தவை மிர்-15, மிர்-16 என்ற இரண்டு மைக்ரோ ஆர்.என்.ஏக்கள். செல்லைச் சாகவிடாமல் காக்கும் பிசிஎல்-2 புரதத்தை அவை அடக்கி வைக்கின்றன என்பது 2005ல் தெரிந்தது.

நோய் எதிர்ப்பு சக்தியிலும் இதே கதைதான். கிருமி நுழைந்ததும் உடலில் அழற்சி கிளம்புகிறது. அதே சமயம் மிர்-146ம் உற்பத்தியாகி அந்த அழற்சிக்குப் பிரேக் போடுகிறது. இதை 2006ல் டேவிட் பால்டிமோர் குழு காட்டியது. இந்த பிரேக் இல்லாத எலிகளுக்கு அழற்சி அடங்காமல், வயதானதும் கட்டிகள் வந்தன. மிர்-155 இதற்கு நேரெதிர், அது ஆக்சிலரேட்டர். அது இல்லாத எலிகளின் எதிர்ப்பு சக்தி குன்றியது. அளவு மீறினாலோ ரத்தப் புற்றுநோய்!

அப்படியானால் மைக்ரோ ஆர்.என்.ஏவையே மருந்தாக்கலாமே? மிர்-34ஐப் போலச் செய்யப்பட்ட மருந்து புற்றுநோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. நோய் எதிர்ப்பு மண்டலம் கடுமையாகக் கொந்தளித்ததால் 2016ல் சோதனை நிறுத்தப்பட்டது. ஒரே துண்டு பல மரபணுக்களைத் தொடுவதால் ஒன்றை மட்டும் திருத்துவது சுலபமில்லை.

2024ல் ஆம்புரோஸுக்கும் ரவ்குனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. புரதத்தை மட்டுமே தேடிய கண்களுக்கு இத்தனை காலம் தெரியாமல் இருந்தது, 22 எழுத்துகள்தான்.