சூள்

தலைவர்களின் மேடைப் பேச்சைச் செய்தியாக்கும்போது 'சூளுரைத்தார்' என்று எழுதுகிறோமே, அந்தச் சூள்தான் இது. ஆணை, சத்தியம் என்று பொருள். லகரம் போட்டுச் 'சூலுற்றாள்' என்றால் கருவுற்றாள் ஆகிவிடும், கவனம்! இன்று அரசியல்வாதிகளிடம் போய்ச் சேர்ந்துவிட்ட இச்சொல், பழைய அகப்பாட்டில் காதலனுடையது: உன்னைப் பிரியேன் என்று தெய்வத்தைச் சாட்சி வைத்துச் சொல்வது.

அதைத் திருவொற்றியூரில் நடத்தியே காட்டுகிறார்கள். தியாகராஜர் கோயில் மாசிப் பெருவிழாவில் அதற்கு மகிழடி சேவை என்று பெயர். சங்கிலியாரை மணக்க விரும்பும் சிவனடியார் சுந்தரருக்குத் திருவாரூரில் ஏற்கெனவே மனைவி பரவையார் இருக்கிறார். 'சங்கிலியைப் பிரியேன் என்று நான் சந்நிதியில் சத்தியம் செய்யும்போது நீர் மகிழமரத்தடியில் போய் இரும்' என்று சிவனிடமே பேரம் பேசுகிறார். சரி என்ற சிவன், சங்கிலியாரிடம் சூளை மகிழடியிலேயே வாங்கச் சொல்லிவிடுகிறார். நமக்குத் தெரிந்தது சுந்தரருக்குத் தெரியாது. அந்த ஒரு முடிச்சில் நிற்கிறது இந்த ஓரங்க நாடகம். திரை கிடையாது, மரத்தடிதான் மேடை, உற்சவமூர்த்திகளே பாத்திரங்கள். இதைப் பெரியபுராணத்தில் பாடிய சேக்கிழாரைவிடத் தேர்ந்த நாடகாசிரியர் நம்மிடம் குறைவு.

சூளை மீறி ஆரூருக்குக் கிளம்பியவர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் பார்வை இழந்தார் என்கிறது பெரியபுராணம். மகிழமரம் கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. மாசியில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.